என்குரோஸ்ட்: மொத்தமாக விலைபோன மனசு

“மிஸ், எங்க அப்பா சம்பளச் சீட்டுல கிராஸ்னு ஒரு வரி இருக்கும். அந்த கிராஸும் இந்த வார்த்தைக்குள்ள இருக்கிற கிராஸும் ஒண்ணா?”

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்டது இது. அன்றைய ஆங்கிலப் பாடத்தில் ‘என்குரோஸ்ட்’ (engrossed) என்று ஒரு சொல் வந்தது. அவள் வைத்திருந்த உரைநூலில் அதற்கு நேராக ‘ஆழ்ந்து’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. சொல்லைப் பிரித்து உள்ளே பார்த்திருக்கிறாள், தெரிந்த முகம் ஒன்று தென்பட்டிருக்கிறது, கேட்டுவிட்டாள். இத்தனை வருஷமாக இந்தச் சொல்லை நடத்துகிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்று மீதிப் பாடத்தை ஒத்திவைத்துவிட்டு இதை மட்டும் பேசினோம். பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றுதான். சம்பளச் சீட்டில் பிடித்தம் எதுவும் போவதற்கு முன்னால் இருக்கிற கிராஸ், நகைக்கடையில் கல்லோடு சேர்த்து நிறுத்துச் சொல்லும் கிராஸ் வெயிட், தையல்கடைக்கு மொத்தமாகப் பட்டன் வாங்கும்போது சொல்லும் ஒரு குரோஸ், மளிகைச் சாமானுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் குரோசரி, எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம் ஊரில் ‘கிராஸ்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அதன் ஒலி ‘குரோஸ்’. புல்லுக்கு ஒரு கிராஸ், சாலையைக் கடப்பதற்கு ஒரு கிராஸ் என்று வேறு இரண்டும் நம் வாயில் ஒரே மாதிரி வருவதால், குரோஸ் என்று சொல்லிப் பழகுவது குழப்பத்தைக் குறைக்கும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஒரு பையன் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். ‘ம்’ என்கிறான். மறுபடி கூப்பிடுகிறாள். இந்தத் தடவை ‘ம்’ கூட வரவில்லை. வாசலில் கேஸ் சிலிண்டர் வண்டி வந்து நின்று போனதும் தெரியாது, கால் மரத்துப்போனதும் தெரியாது. ‘படிக்கிறான்’ என்று சொன்னால் இதில் பாதிகூட வராது. ‘விருப்பமாகப் படிக்கிறான்’ என்றாலும் போதாது. விருப்பமாகப் படிக்கிறவனுக்கு அம்மா கூப்பிட்டது கேட்கும். இவனுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை. அந்த ‘மிச்சம் இல்லை’ என்பதுதான் என்குரோஸ்ட். இந்தச் சொல்லின் கதை முழுக்க அந்த மிச்சத்தைப் பற்றியதுதான்.

லத்தீனில் ‘குரோசஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. தடித்தது, பருத்தது என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சு மொழிக்கு ‘க்ரோ’ வந்தது. எழுதும்போது கடைசியில் ஒரு ‘ஸ்’ உண்டு, சொல்லும்போது அது ஒலிக்காது. க்ரோ என்றால் குண்டான, பெரிய. அதற்கு முன்னால் ஒரு சின்னச் சொல் சேர்த்து ‘ஆன் க்ரோ’ என்றால், ‘பருத்த அளவில்’, அதாவது சில்லறையாக இல்லாமல் மொத்தமாக. இன்றும் பிரான்சில் மொத்த வியாபாரத்துக்கு இதுதான் சொல். புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கல்யாணச் செலவு எவ்வளவு ஆச்சு என்று கேட்டால், “ஆன் க்ரோ இவ்வளவுன்னு வச்சுக்கயேன்” என்பார். விவரம் தவிர்த்து, தோராயமாக, மொத்தத்தில் என்று அர்த்தம். அந்தப் பொருளும் பிரெஞ்சில் உண்டு. சின்ன வயதில் அது பெரியம்மா வீட்டுத் தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நம் ‘மொத்தம்’. கூட்டுத்தொகைக்கு மொத்தம் என்கிறோம். சில்லறைக்கு எதிர்ப்பதமாக மொத்த வியாபாரம் என்கிறோம். அதே சொல்லுக்கு அகராதியில் பருமன், தடிமன் என்ற பொருளும் இருக்கிறது. மொத்தமான கயிறு, மொத்தமான துணி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தடிமனைச் சொல்லும் ஒரு சொல், முழுமைக்கும் மொத்த வியாபாரத்துக்கும் பெயராகிவிட்டது. லத்தீன் சொல் நடந்த அதே பாதையில் தமிழ்ச் சொல்லும் தானாகவே நடந்திருக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கை நிறையப் பிடித்துப் பார்த்தால் பருமனாக இருப்பதுதான் ‘எல்லாம்’ என்று இரண்டு ஊர் மனிதர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஆகவே என்குரோஸ் என்ற சொல்லைத் தமிழில் நேராகப் பிடிக்க வேண்டுமென்றால் ‘மொத்தமாக்கு’, ‘மொத்தமாக எடு’ என்று பிடிக்கலாம். உரைநூல் போட்ட ‘ஆழ்ந்து’ தவறில்லை. ஆனால் அது இந்தச் சொல்லின் வீட்டு முகவரி இல்லை.

லண்டனில் 1345இல் மிளகு வியாபாரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் மசாலாச் சரக்கைக் கிள்ளிக் கொடுக்கிறவர்கள் இல்லை, மூட்டையாகக் கைமாற்றுகிறவர்கள். மொத்தமாக விற்கிறவர் என்பதால் குரோசர் என்ற பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் அந்தப் பெயர் தெருமுனை மளிகைக்காரருக்கு இறங்கி வந்துவிட்டது. இன்று நூறு கிராம் சீரகம் பொட்டலம் கட்டித் தருபவரும் ஆங்கிலத்தில் குரோசர்தான், அதாவது ‘மொத்த வியாபாரி’. பட்டன் கணக்கில் வரும் குரோஸ், பிரெஞ்சில் ‘பெரிய டஜன்’ என்று சொன்னதன் சுருக்கம். பன்னிரண்டு டஜன், 144.

இனி என்குரோஸ். 1400ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இந்த வினைச்சொல்லுக்கும் மனசுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சந்தைக்கு வந்த சரக்கு முழுவதையும் ஒரே ஆள் வாங்கிப்போட்டால் அது என்குரோஸ். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் சிரமப்படவே வேண்டாம். மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது முடிந்து விசைப்படகுகள் முதல் முறை போய்த் திரும்புகிற விடியற்காலையில் துறைமுகத்துப் பக்கம் போய் நின்றால் போதும்.

என் அப்பா அங்கே ஒரு மீன் வியாபாரியிடம் கணக்கு எழுதியவர். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். படகிலிருந்து இறங்கும் மீனைக் கொட்டி ஏலம் விடுவார்கள். சுற்றி இரண்டு வகை ஆட்கள் நிற்பார்கள். கூடையும் சும்மாடுமாக வந்திருக்கும் பெண்கள் ஒரு பக்கம், கையில் எதுவும் இல்லாமல் லாரியோடு வந்திருக்கும் ஆட்கள் இன்னொரு பக்கம். கூடைக்காரம்மாவுக்கு ஒரு கூடை நெத்திலியோ நாலு சங்கராவோ கிடைத்தால் போதும், தெருத்தெருவாக விற்று அன்றைய பாட்டைப் பார்த்துக்கொள்வார். சில நாட்களில் ஏலம் ஒழுங்காக, சின்னச் சின்னக் குவியலாக நடக்கும், எல்லாருக்கும் கிடைக்கும். சில நாட்களில் லாரிக்காரர் ஒரே வார்த்தை சொல்வார்: “மொத்தமா எடுத்துக்கறேன்.” பேச்சு முடிந்தது. ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும், பெட்டிகள் நிரம்பும், லாரிக் கதவு சாத்தப்படும். தரையில் ஈரமும் செதிலும் மட்டும் கிடக்கும். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள் அந்தப் பெண்கள். கவிழ்த்த கூடைதான் இந்தச் சொல்லுக்கு நான் வகுப்பில் வரைந்து காட்டும் படம்.

கவிழ்ந்த கூடைகள் இங்கிலாந்திலும் பெரிய பிரச்சினையாக இருந்திருக்கின்றன. அங்கே 1552இல், ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். தானியம், வெண்ணெய், பாலாடைக்கட்டி, மீன் போன்ற உணவுப்பொருளை மறுபடி விற்பதற்காக மொத்தமாக வளைத்து வாங்குகிறவன் என்குரோசர், அவன் குற்றவாளி. நிலத்தில் நிற்கும் பயிரையே விலைபேசி வாங்குவதும் அந்தச் சட்டத்தில் அடங்கும். பண்ருட்டிப் பக்கம் காய் முற்றுவதற்கு முன்பே பலா மரத்தையும் முந்திரித் தோப்பையும் விலைபேசிவிடும் வழக்கத்தை அந்த மன்னரின் அதிகாரிகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. முதல் தடவை மாட்டினால் 2 மாதச் சிறை, வாங்கிய சரக்கின் மதிப்பும் பறிபோகும். மூன்றாம் தடவை என்றால் ஊர் நடுவே கட்டையில் பூட்டி நிற்கவைத்து, இருக்கிற சொத்து முழுவதையும் பிடுங்கிக்கொள்வார்கள். 1772இல் இந்தச் சட்டத்தை நீக்கினார்கள். எழுதப்படாத வழக்குச் சட்டப்படி மிச்சம் மீதி இருந்த குற்றமும் 1844இல் போயிற்று.

இங்கே ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். நாம் ‘பதுக்கல்’ என்கிறோமே, அது வாங்கிய பிறகு ஒளித்து வைப்பது. என்குரோஸ் அதற்கு முந்தைய படி. ஒளிக்கிறானோ இல்லையோ, எல்லாவற்றையும் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டான் என்பதுதான் அதில் குற்றம்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் காலடியிலேயே இருக்கிறது. 1690இல் ஆங்கிலேயர்கள் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை ஆனது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் அளவு என்ன தெரியுமா? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். அதற்காகச் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து, திசைக்கொரு குண்டாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் மொத்தமாக அவர்களுடையதாயின. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடி என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் குண்டு இந்தக் குண்டுதான். நிலத்தை என்குரோஸ் செய்வதென்றால் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த வட்டத்துக்குள் மற்றவருக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

இந்தச் சொல்லுக்கு நடுவில் ஒரு கிளை உண்டு. மனசுக்கு வருவதற்கு முன் அதையும் பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சு நோட்டரி முறையில் ஒரு பத்திரம் எழுதினால் அதன் மூலப்படியை நோட்டரி தம்மிடமே வைத்துக்கொள்வார். அது சின்ன எழுத்தில் நெருக்கி எழுதப்பட்டது, அதனால் அதன் பெயர் ‘மினியூத்’, சிறியது. உரியவர் கையில் கொடுக்கும் படியைப் பெரிய எழுத்தில், தெளிவாக, எடுப்பாக எழுதினார்கள். அதன் பெயர் ‘க்ரோஸ்’, பெரியது. இந்த இரண்டும் ஆங்கிலத்துக்கும் வந்தன. மகளிர் சுய உதவிக் குழுவில் மினிட் புத்தகம் என்று வைத்திருக்கிறோமே, அந்த மினிட் சின்ன எழுத்துக்காரி. பெரிய எழுத்தில் இறுதிப்படி எழுதுவதற்கு ஆங்கிலத்தில் பெயர், என்குரோஸ்.

அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்தைத் தோல்தாளில் அப்படி என்குரோஸ் செய்யச் சொல்லி அவர்களுடைய காங்கிரஸ் சபை 1776 ஜூலை 19 அன்று ஆணையிட்டது. உறுப்பினர்கள் பெரும்பாலோர் கையெழுத்திட்டது அந்தப் படியில்தான், ஆகஸ்ட் 2 அன்று. 1787இல் அவர்களுடைய அரசமைப்பை 4 பெரிய தோல்தாள்களில் எழுதிக்கொடுத்தவர் ஜேக்கப் ஷாலஸ் என்ற எழுத்தர். கூலி 30 டாலர். இன்றும் அங்கே ஒரு சபையில் நிறைவேறிய மசோதாவின் இறுதிப்படிக்கு ‘என்குரோஸ்ட் பில்’ என்றுதான் பெயர். செய்தியில் அந்தச் சொல்லைப் பார்த்து, ‘மசோதா எதில் ஆழ்ந்துபோயிருக்கிறது’ என்று மலைக்க வேண்டாம்.

அப்படியானால் சந்தையிலிருந்து மனசுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது?

வழியில் ஒரு படி எனக்குத் தெரிகிறது. ஷேக்ஸ்பியர் 1590களில் எழுதிய ரோமியோ ஜூலியட் நாடகத்தில், ரோமியோ சாகும் முன் பேசும் கடைசிப் பேச்சில் இந்தச் சொல் வருகிறது. ஒரு முத்தத்தை முத்திரையாகக் குத்தி, ‘என்குரோஸ் செய்யும் சாவோடு’ கெடு இல்லாத பேரம் ஒன்றை முடித்துக்கொள்கிறேன் என்கிறான். பேரம், முத்திரை, என்குரோஸ், மூன்றும் கடைத்தெருவிலிருந்தும் பத்திரத்திலிருந்தும் வந்த சொற்கள். சாவு அங்கே ஏலத்துக்கு வந்த பெரிய வியாபாரி. யாரையும் விடாமல் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறது. மீனும் தானியமும் இல்லாத ஒன்றையும் என்குரோஸ் செய்யலாம் என்று மொழி பழகிக்கொண்டிருந்த காலம் அது.

அதற்குப் பிறகு ஒருவர் பேச்சு முழுவதையும் தானே பிடித்துக்கொண்டால் பேச்சை என்குரோஸ் செய்கிறார் என்றார்கள். ஒரு வேலை ஒருவருடைய பொழுதையெல்லாம் எடுத்துக்கொண்டால் பொழுதை என்குரோஸ் செய்கிறது என்றார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக அது கவனத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு புத்தகம், ஒரு விளையாட்டு, ஒரு கவலை, நம் கவனம் முழுவதையும் விலைக்கு வாங்கிவிடுகிறது. அப்போது வாங்குகிறவர் நாமில்லை, புத்தகம். சரக்கு நாம்.

கவனத்தைச் சரக்காகவும் காசாகவும் நினைப்பது வெள்ளைக்காரர் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. நாம் கவனம் ‘செலுத்து’ என்கிறோம். கட்டணம் செலுத்து, வரி செலுத்து, கவனம் செலுத்து. பணத்துக்கும் கவனத்துக்கும் தமிழில் ஒரே வினை. அந்தக் கணக்கில் பார்த்தால் சாதாரண நாளில் நம் கவனம் சில்லறையாகத்தான் செலவாகிறது. அடுப்புக்குக் கொஞ்சம், பிள்ளைக்குக் கொஞ்சம், வாசலில் யார் என்பதற்குக் கொஞ்சம், நாளைக்குக் கட்ட வேண்டிய சீட்டுப் பணத்துக்குக் கொஞ்சம். கூடைக்காரம்மாக்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு கூடை வாங்கிப் போகிற மாதிரி. திடீரென்று ஒன்று வருகிறது, ‘மொத்தமா எடுத்துக்கறேன்’ என்கிறது. அடுப்பு, வாசல், சீட்டு எல்லாம் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுகின்றன.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், பந்து அவர் முதுகில் வந்து படுகிறது. கை நிற்கவில்லை. கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கண், அடுத்த கண், அதற்கடுத்த கண். நான் “தாத்தா” என்று இரண்டு முறை கூப்பிட்டும் நிமிரவில்லை. அந்தக் கண்ணியை முடித்து நூலை அறுத்த பிறகுதான், “எப்பம்மா வந்த?” என்றார். இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை.

இதன் பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றையும் தெரிந்துகொண்டால் வித்தியாசம் பிடிபடும். ‘அப்சார்ப்ட்’ என்பதற்கு வேர், லத்தீனில் உறிஞ்சுதல். பஞ்சு தண்ணீரை இழுத்துக்கொள்கிற மாதிரி மெல்ல இழுத்துக்கொள்ளப்படுவது. ‘இம்மர்ஸ்ட்’ முக்கி எடுப்பது. ‘ராப்ட்’ என்று ஒரு குட்டிச் சொல் உண்டு. பருந்து கோழிக்குஞ்சைக் கவ்விக்கொண்டு போவதற்கான லத்தீன் வினையிலிருந்து வந்தது. கச்சேரியில் வாய்திறந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தும், கணக்குப் போடுகிறவருக்குப் பொருந்தாது. ‘அப்செஸ்ட்’ என்பது எதிரே வந்து உட்கார்ந்துகொள்வது, கோட்டையை முற்றுகையிடுவது. அதில் ஒரு தொல்லை இருக்கிறது. அதை என்குரோஸ்ட் என்று எழுதிவிடக் கூடாது. முற்றுகையிலிருந்து நாம் தப்பிக்கத் துடிப்போம். விலைபோன சரக்கு அப்படித் துடிப்பதில்லை.

தமிழ் இந்த அனுபவத்தைப் பெரும்பாலும் தண்ணீரை வைத்தே சொல்கிறது. மூழ்கிவிட்டாள், ஆழ்ந்துவிட்டாள், தோய்ந்துபோனாள், திளைத்தாள், கரைந்துபோனாள், ஊறிப்போனாள். பெருமாள் மேல் கொண்ட பக்தியில் ஆழ்ந்தவர்கள் என்பதால் ஆழ்வார் என்று பொருள் சொல்வது வழக்கம். சந்தை வாசனை இந்தச் சொற்களில் கிடையாது. அதனால்தான் என்குரோஸ்ட் என்பதை ‘மூழ்கி’ என்று மட்டும் படித்துவிட்டால் அந்தச் சொல்லில் இருக்கும் ஒரு கூர்மை நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மூழ்குகிறவளைப் பற்றித் தமிழ் பேசுகிறது. அவள் மூழ்கியதால் வெறுங்கையோடு திரும்பிய மற்றவர்களையும் சேர்த்து ஆங்கிலச் சொல் பேசுகிறது.

ஆனால் அந்தக் கூர்மையைத் தமிழ் வேறு இடத்தில் வைத்திருக்கிறது. எங்கள் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்தவர் அப்பர். கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் மூழ்காமல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. அவருடைய திருவாரூர்த் தேவாரத்தில் ஒரு பெண் வருகிறாள். முதலில் சிவபெருமானாகிய அவன் பெயரைக் கேட்டாள், பிறகு அவன் நிறத்தைக் கேட்டாள், பிறகு அவன் ஊரைக் கேட்டாள். அதன் பிறகு அன்னையையும் அத்தனையும், அதாவது தந்தையையும், விட்டாள், ஊர் ஆசாரத்தை விட்டாள். கடைசியில், “தன்னை மறந்தாள் தன் நாமம் கெட்டாள்.” ஒவ்வொரு அடியாகக் கையிருப்பு குறைந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். தாய்க்கு மிச்சம் இல்லை, ஊருக்கு மிச்சம் இல்லை, கடைசியில் தனக்கே மிச்சம் இல்லை, தன் பெயர்கூட இல்லை. முழுவதும் அவன் தாளுக்குப் போய்விட்டது. என்குரோஸ்ட் என்ற சொல் போகக்கூடிய கடைசி எல்லை அதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பாட்டைச் சொன்னபோது திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இனி எழுதும்போது கவனிக்க வேண்டியவை. இந்தச் சொல்லோடு பெரும்பாலும் ‘இன்’ சேரும். என்குரோஸ்ட் இன் த புக், என்குரோஸ்ட் இன் ஹிஸ் ஒர்க். பிள்ளைகள் ‘ஆன்’ போடுகிறார்கள், அது சரியில்லை. அதைவிட அடிக்கடி வரும் தவறு, ஆளுக்கும் பொருளுக்கும் முடிவை மாற்றிப் போடுவது. விலைபோனவர் என்குரோஸ்ட். வாங்கிய பொருள் என்குரோஸிங். ‘ஐ வாஸ் என்குரோஸிங்’ என்று எழுதினால், பார்த்தவர்களையெல்லாம் நான் கட்டிப்போட்டேன் என்று ஆகிவிடும். லாரிக்காரர் யார், மீன் எது என்று ஒரு நொடி யோசித்தால் இந்தத் தவறு வராது. ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்ததற்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். கொஞ்ச நேரமாவது நீடிக்க வேண்டும், அந்த நேரத்தில் வேறு ஏதாவது ஒன்று கவனிக்கப்படாமல் போயிருக்க வேண்டும். அந்தக் கவனிக்கப்படாத பொருளையும் வாக்கியத்தில் சேர்த்து எழுதிவிட்டால் வாக்கியம் தானாக உயிர்பெறும். எதை மறந்தாள் என்று சொல்லாமல் ‘ஆழ்ந்திருந்தாள்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஆழம் தெரியாது.

மறுநாள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் செல்போன் என்றும் கிரிக்கெட் என்றும் எழுதியிருந்தார்கள். கேள்வி கேட்ட மாணவி ஆங்கிலத்தில் எழுதிவந்ததைத் தமிழில் சொல்கிறேன்: ‘எங்கள் ஆயா ஏலத்தில் என்குரோஸ்ட் ஆகி நின்றதால், யாரோ அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதைக் கவனிக்கவில்லை.’

“நிஜமாவே நடந்ததா?” என்று கேட்டேன்.

“ஆமா மிஸ். சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துட்டாங்க. பக்கத்துத் தெரு அக்காதான், தன்னோடதுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். அவங்களும் ஏலத்தைத்தான் பார்த்துட்டு நின்னாங்களாம்.”